அப்பாவுக்குப் படம் சொல்லும் எல்டன்

அன்பு மகள் கிர்ஸ்டனுக்கு,

கர்த்தர் தயவில் நானும் அப்பாவும் சுகம், அலாஸ்கா குளிரில் நீயும் இருமல் காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டுமென்று தினமும் அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே ஏரி உறைந்துவிட்டது. அப்பாவின் கண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய், டாக்டர் சொன்னபடியேதான், நடுவில் இருட்டு, ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம், போன பார்வை திரும்பாதாம். உன்னிடம் ஒன்றை மறைத்திருந்தேன், நீ தவித்துப்போவாய் என்றுதான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற வேலை போனதிலிருந்து அப்பா சாப்பாட்டு மேஜையில் ஜெபம் பண்ணுவதை நிறுத்திவிட்டார். நான் பண்ணினால் தலையைக் குனிவார், ஆமென் மட்டும் வராது.

வியாழக்கிழமை சாயங்காலம் ‘வடகரை’ என்று ஒரு தொடர் வருகிறது, நான் பார்த்துப் பார்த்து அவருக்குச் சொல்வேன். அதில் ஒரு படகோட்டி, விபத்தில் ஒரு கை போனவன், ஆளில்லாத சர்ச்சுக்குள் போய், என்னை எதுக்கு மிச்சம் வெச்சே என்று கடவுளிடம் கத்துகிறான். மேலேயிருந்து ஒரு குரலும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரிதான் வந்து, கத்தி முடிச்சிட்டியா, என் வாசல்ல பனி அடைச்சுக் கிடக்கு, ஒரு கையால தள்ள முடியுமா பாரு என்கிறாள். அவன் போகிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதுதான் பதில்டி ஹில்டா, மோசே கிட்டயும் கடவுள், உன் கையில என்ன இருக்குன்னுதானே கேட்டாரு என்றார் அப்பா. அப்புறம் தன் கையைத் தடவிப் பார்த்து, என் கையில ரிமோட்டுதான் இருக்கு என்று சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று தெரியுமா.

மறுவாரம் எதிர்வீட்டு எல்டனுக்கு போன் பண்ணினார். எல்டன் மனைவி இறந்தபிறகு கதவே திறக்காமல் இருந்தவர், நான் கொண்டுபோன சாப்பாடெல்லாம் படியிலேயே உறைந்து கிடக்கும். அப்பா சும்மா ஆறுதல் சொல்லவில்லை. டேய், எனக்குக் கண்ணு தெரியல, இவ கதையில பாதியை அழுதே முழுங்கிடுறா, நீ வந்து சொல்லுடா என்றார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார், தாடியும் கசங்கின சட்டையுமாக. டி.வி. முன்னால ஆராதனை நடத்துற வீடு இதுதான்யா என்று கிண்டலடித்துக்கொண்டே உட்கார்ந்தவர், மேகம் எந்தப் பக்கம் போகிறது என்பதுவரை சொன்னார். அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பா தானாகவே கையைக் கோத்து, எனக்கு இல்லாத பார்வையையும் வேலைக்கு எடுத்துக்கிட்டீரே ஆண்டவரே, நன்றி என்றார். எல்டன் ஆமென் சொன்னார், நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி பரிமாறினேன்.

போதகரிடம் சொன்னேன், நாடகத்தையும் வேதத்தையும் குழப்பிக்காதீங்கம்மா என்றார். நான் குழப்பவில்லை. நீ சர்ச்சுக்குப் போவதில்லை என்று சொன்னதை வைத்து உனக்குப் பிரசங்கம் பண்ணவும் இதை எழுதவில்லை, வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

போன வாரத்தோடு தொடர் முடிந்துவிட்டது. எல்டன் மறுபடி கதவைச் சாத்திக்கொள்வாரோ என்று எனக்கு ஒரே பயம். நேற்று வியாழன், அதே நேரத்துக்கு வாசல் மணி அடித்தது. சவரம் செய்து, ஆப்பிள் பை பலகாரமும் வாங்கிக்கொண்டு எல்டன் நிற்கிறார். இன்னிக்கு ஒண்ணும் இல்லையேடா என்றார் அப்பா. எல்டன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டார். பனி தள்ளுற வண்டி வருது, பின்னாலேயே ஒரு நாய் ஓடுது, கேளு என்று ஆரம்பித்தார்.

காருக்குப் பனிக்கால டயர் மாற்றிவிடு, தள்ளிப்போடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

என்றும் உன்னை நினைத்திருக்கும்,
அம்மா