காப்புக் கட்டிய வாரத்தில் எண்ணப்பட்ட மேலப்பொட்டலூர் பேருந்து

அனுப்புநர்:
ந. தாமரைச்செல்வி,
க/பெ. நல்லகாமன்,
2/41, காளியம்மன் கோயில் தெரு,
மேலப்பொட்டலூர், டி. கல்லுப்பட்டி வழி,
மதுரை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு. வழித்தடச் சீரமைப்பு அலுவலர் அவர்கள்,
ஊரகப் பேருந்துச் சேவைப் பிரிவு,
மதுரை.

பொருள்: மேலப்பொட்டலூர் – மதுரை அதிகாலைப் பேருந்து நிறுத்தப்பட்டது – பயணியர் கணக்கெடுப்பு தவறான வாரத்தில் நடந்தது – பேருந்தை உடனே இயக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு, நாள் 21.07.2025.
2. தங்கள் அலுவலகப் பதில் கடிதம், நாள் 02.09.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து தையல் தொழில் செய்து வருகிறேன். என் கணவர் நல்லகாமன், வயது 47, கொத்தனாராக இருந்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகிவிட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை எட்டு மணிக்கு அவருக்கு மதுரையில் டயாலிசிஸ். எட்டு மணிக்குள் போய்ப் படுக்காவிட்டால் அந்தக் கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும். அதை நான் குறை சொல்லவில்லை. அங்கே காத்திருப்பவர்களும் எங்களைப் போன்றவர்கள்தான்.

2. எங்கள் ஊரிலிருந்து காலை 5.45 மணிக்குப் புறப்பட்டு, டி. கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக மதுரை செல்லும் பேருந்து ஒன்று இருந்தது. கட்டட வேலைக்குப் போகிறவர்கள், மில்லுக்குப் போகிற பெண்கள், நர்சிங் படிக்கிற பிள்ளைகள் என்று நாற்பது பேருக்குக் குறையாமல் ஏறுவோம். என் கணவருக்கு நடத்துநர் இருக்கைக்குப் பின்னால் உள்ள இடத்தை யாரும் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். இந்தப் பேருந்து 14.07.2025 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. பயணிகள் இல்லை என்பது தாங்கள் சொல்லும் காரணம்.

3. பயணிகள் ஏன் இல்லை என்பதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன். கணக்கெடுப்பு நடந்த நாட்கள் மே 28, 29, 30, 31. எங்கள் காளியம்மன் கோயிலில் மே 27 செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டினோம். காப்புக் கட்டிய பின் எட்டாம் நாள் மஞ்சள் நீராட்டு முடியும்வரை எங்கள் ஊரில் யாரும் எல்லை தாண்டுவதில்லை. வேலைக்கும் போவதில்லை, கல்யாணம் காட்சிக்கும் போவதில்லை. நோயாளிகளும் பரீட்சை எழுதும் பிள்ளைகளும் மட்டும் பூசாரியிடம் திருநீறு வாங்கிக்கொண்டு போகலாம். மே கடைசியில் பரீட்சையும் கிடையாது.

4. தாங்கள் அமர்த்திய தனியார் நிறுவனத்தின் கணக்கெடுப்பாளர் அந்த நான்கு நாளும் வந்தார். மரியாதையான மனிதர்தான். பேருந்து திரும்பி நிற்கும் பத்து நிமிடத்தில் கோயில் வாசலில் எங்கள் கூழை இரண்டு சொம்பு வாங்கிக் குடித்து, நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். விடியுமுன்பே அங்கே கூடியிருந்த நானூறு ஐந்நூறு பேரையும் கண்ணால் பார்த்தார். இத்தனை சனம் இருந்தும் ஒருவரும் ஏன் பேருந்தில் ஏறவில்லை என்று மட்டும் அவர் கேட்கவில்லை. நடத்துநர் பேச்சிமுத்து அவர்களே, "சார், ஊரே காப்புக் கட்டியிருக்கு, இப்ப எண்ணுனா ஒண்ணும் தேறாது, அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லியிருக்கிறார். "எனக்கு இந்த வாரந்தான் போட்டிருக்காங்கண்ணே, நான் என்ன செய்ய" என்பது கணக்கெடுப்பாளரின் பதில். இதைச் சொன்னதற்காக நடத்துநர் மீது எந்த நடவடிக்கையும் வந்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் உண்மையைத்தான் சொன்னார்.

5. எங்கள் பக்கமும் ஒரு தவறு உண்டு, மறைக்கவில்லை. திருவிழாவுக்கும் ஒலிபெருக்கிக்கும் காவல்துறை அனுமதி வாங்கியிருந்தோம். அதனால் அரசாங்கத்துக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டோம். ஒரு அலுவலகத்துக்குத் தெரிந்தது இன்னொரு அலுவலகத்துக்குத் தெரியாது என்பது எங்களுக்கு இப்போதுதான் தெரிகிறது. அனுமதிக் கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன்.

6. தங்கள் பதில் கடிதத்தில் உள்ள எண்கள்: புதன் 0, வியாழன் 1, வெள்ளி 0, சனி 1. இந்த ஒன்று யார் என்று தங்கள் கோப்பில் எழுதியிருக்காது. அது என் கணவர். அவருக்காக நான் முளைப்பாரி போட்டிருந்ததால் எல்லையைத் தாண்டி அவருடன் போக முடியவில்லை. தனியாகத்தான் அனுப்பிவைத்தேன். வேறு ஒருவர்கூட ஏறாத நாளிலும் இவரை ஏற்றிக்கொண்டு போன பேருந்தை, இவர் ஒருவர்தான் ஏறினார் என்று சொல்லியே நிறுத்தியிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு வந்த கோபத்தை இந்த மனுவில் எழுத முடியாது.

7. அதே கடிதத்தில், இக்கணக்கெடுப்பு "ஸ்காட்லாந்து நாட்டு ஊரகப் பொதுச் சேவை நடைமுறையைப் பின்பற்றி" நடத்தப்பட்டதாகவும், ஆகவே மறுபரிசீலனைக்கு இடமில்லை என்றும் கூறப்பட்டுள்ளது. இதைப் படித்ததும் எங்கள் தெருவில் பாதிப் பேர் வாயடைத்துப் போனார்கள். நான் போகவில்லை. ஏனென்றால் என் தம்பி அருள்பாண்டி அந்த ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரில், ஆறு ஆண்டுகளாக ஆண் செவிலியராக வேலை பார்க்கிறான். அவனிடமே கேட்டேன். அவன் அனுப்பிய குரல் பதிவை அப்படியே எழுதுகிறேன்: "அக்கா, இங்க எங்க ஏரியா பஸ்ஸ மாத்துறதுக்கு முன்னாடி ஸ்டாப்புல நோட்டீஸ் ஒட்டுனாய்ங்க. ஆளுகளக் கூப்புட்டு உக்கார வச்சு, யாருக்குக் கஷ்டம், ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவீங்கன்னு கேட்டாய்ங்க. கேட்டுட்டுத்தான் மாத்துனாய்ங்க. இன்னொண்ணு, கிறிஸ்துமஸ் அன்னைக்கு இங்க ரோட்ல ஈ காக்கா இருக்காது. அன்னைக்கு வந்து எண்ணிட்டு, பஸ்ஸே வேணாம்னு எவனாச்சும் எழுதுவானா?"

8. ஐயா, வெளிநாட்டில் நல்லதாக ஒரு வழக்கம் இருந்தால் அதை இங்கே கொண்டுவருவதில் எனக்கு வருத்தமில்லை, சந்தோஷமே. ஆனால் எண்ணுவதை மட்டும் கொண்டுவந்துவிட்டு, கேட்பதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். எங்களையும் கூப்பிட்டுக் கேட்டிருந்தால், காப்பு எப்போது, அறுப்பு எப்போது, எந்த வாரம் எண்ணினால் சரியாக வரும் என்று நாங்களே சொல்லியிருப்போம். கூழ் ஊற்றியவர்கள் பதில் சொல்ல மாட்டோமா?

9. பேருந்து நின்ற பிறகு பக்கத்து வீட்டு சிவபாண்டி தம்முடைய மொபெட்டில் என் கணவரை, மதுரைப் பேருந்து பிடிக்க, டி. கல்லுப்பட்டிக்குக் கொண்டுபோய் விட்டு வந்தார். கடந்த 18.09.2025 வியாழனன்று, கால்வாய்த் திருப்பத்தில் சரளைக்கல் சறுக்கி இருவரும் விழுந்தார்கள். என் கணவருக்கு அடிபட்டது இடது கையில், அதாவது டயாலிசிஸ் ஊசி ஏற்றும் கையில். அன்று கட்டில் தவறிவிட்டது. இரண்டு நாள் கால் வீங்கி, மூச்சு வாங்கி, சுவரில் சாய்ந்தபடியே இருந்தார். சனிக்கிழமை ஊராரிடம் கெஞ்சிக் கார் பிடித்துத்தான் மதுரைக்குக் கூட்டிப் போனேன். இனி இரு சக்கர வண்டியில் ஏற்றவே கூடாது, அந்தக் கையில் இன்னொரு முறை அடிபட்டால் ஊசி போட வேறு வழி தேட வேண்டியிருக்கும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டின் நகலும் இணைப்பில் உள்ளது. நான் எளிதில் பயப்படுகிறவள் அல்ல. இதைப் படித்ததும் பயந்துவிட்டேன்.

10. ஆகவே நான் கேட்பது இதுதான். காப்புக் கட்டிய வாரத்துக் கணக்கெடுப்பை ரத்து செய்யுங்கள். வேறு எந்த வாரத்திலும், எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லாமலே வந்து எண்ணிக்கொள்ளுங்கள். நாற்பதுக்குக் குறைந்தால் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் எண்ணி முடிக்கும்வரை பேருந்து ஓட வேண்டும். பேருந்தை நிறுத்திவிட்டு அதில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எந்த நாட்டு நடைமுறையிலும் எண்ண முடியாது. வழக்கமாகப் பயணம் செய்வோர் 112 பேர் பெயரும் கையொப்பமும் கொண்ட பட்டியலை உடன் வைத்துள்ளேன். இவர்களில் யாரையும் தாங்கள் நேரில் அழைத்து விசாரிக்கலாம்.

11. இம்மனு தங்கள் மேசையில் இருக்கும் நாட்களிலும் அவருடைய சிகிச்சை நாட்கள் வந்துகொண்டுதான் இருக்கும். இந்த வாரம் மூன்று நாளும் மகளிர் குழுவினர் மாற்றி மாற்றி ஏற்பாடு செய்து அழைத்துப் போகிறார்கள். அவர்களால் முடிந்தது இந்த வாரம் மட்டுமே. வரும் 30.09.2025 செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு என் கணவர் மதுரையில் அந்தக் கட்டிலில் படுத்திருந்தாக வேண்டும். ஐந்தரை மணிக்கே அவரைக் குளிக்கவைத்து, போர்வையும் மருந்துப் பையுமாக ஊர் நிறுத்தத்தில் கொண்டுவந்து உட்காரவைத்துவிடுவேன். அதுவரை என் வேலை. 5.45 மணிக்குப் பேருந்து வந்து நிற்பது தங்கள் வேலை.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) ந. தாமரைச்செல்வி

இடம்: மேலப்பொட்டலூர்
நாள்: 22.09.2025