மாலைதீவு வேண்டாம், மகள்

ஸ்டோவ்னர், ஒஸ்லோ
17.02.2008

அன்புள்ள மகள் துஷ்யாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மருமகன் பிரசாந்தனும் அபுதாபியில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கும்பிடுகிறேன். எங்கள் சுகத்தை வழக்கம்போல ஒரு வரியில் நலம் என்று எழுதிவிட்டுப் போக இந்த முறை மனம் வரவில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. ரெலிபோனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். ரெலிபோன் அடித்தால் அம்மா வந்து பக்கத்தில் நிற்கிறா, சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்லுகிறா, அவ நிற்கும்போது கதைக்கிற கதை இல்லை இது. நீ கலியாணம் முடித்து முதலில் ஸ்தவாங்கருக்குப் போன புதிதில் எழுதியதற்குப் பிறகு இப்போதுதான் பேனை பிடிக்கிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் குறை நினைக்காதே. நீ இருந்து ஆறுதலாக வாசி, மருமகனும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

நிற்க, நீ அனுப்பிய பார்சல் பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. மாலைதீவு ஹோட்டல் புத்தகத்தை முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை பார்த்தேன். தண்ணீருக்குள் கால் நட்டுக் கட்டிய வீடுகள், கட்டிலில் பூத்தூவி வைத்திருக்கிறார்கள், கடலில் வந்து இறங்குகிற சின்னப் பிளேன். ஒரு படத்துக்குப் பக்கத்தில் இந்த வீடு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும் என்று நீ பேனையால் எழுதியிருந்ததையும் பார்த்தேன். பங்குனியில் வருகிற பாஸ்கா லீவில் நாங்கள் இங்கிருந்து உன்னிடம் வந்து, களைப்பு ஆறிய பிறகு நாலு பேருமாக அங்கே போவது, சைவச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது என்று எல்லாவற்றையும் எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறாய். அம்மாவுக்கு நீச்சல் உடுப்பு என்ன அளவு என்று கேட்டிருந்தாய், உலகத்தில் அந்தக் கேள்வியை அவவைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் நீதான். எனக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் நினைக்காதே மகள். பஸ் கராஜில் எல்லோருக்கும் சொல்லி, லீவுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இங்குள்ளவர்கள் குளிருக்குத் தப்பி வெயில் தேடிப் போவதைத் தெற்குக்குப் போகிறோம் என்பார்கள் என்பது உனக்குத் தெரியும், இத்தனை வருஷத்துக்குப் பிறகு நீயும் தெற்குக்குப் போறியோ என்று ஒருவன் என் முதுகில் தட்டினான். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஆனால் நாங்கள் வரமாட்டோம். காசு கட்டியிருந்தாலும் பரவாயில்லை, நிப்பாட்டிவிடு. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

மார்கழியில் நீ ரெலிபோன் எடுத்தபோது, இஞ்சாருங்கோ தேத்தண்ணி ஆறுது எண்டு அம்மா எனக்குப் பின்னால் நின்று சொன்னது உனக்குக் கேட்டது. அப்பா, அம்மா உங்களோட கதைக்கிறாவோ எண்டு கேட்டாய், நான் ஓம் என்றேன், நீ அழுதுவிட்டாய். அந்தச் சந்தோசத்தில்தானே நீ இந்தப் பயணத்தை ஒழுங்கு செய்யத் தொடங்கினாய். நானும் அன்றைக்கே உனக்கு உண்மையைச் சொல்லாமல் விட்டேன், நீ அப்படி அழுது கேட்ட பிறகு எப்படிச் சொல்லுகிறது. புஷ்பம் சித்தி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் புற்றுநோயில் கிடந்த வருஷம் நடந்தது உனக்கு மறந்திருக்காது. கூடப்பிறந்தது அந்த ஒரு தங்கச்சிதான், உயிரோடு இருக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அம்மா நின்றா. அந்த ஆடியில்தான் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிளேன்கள் எரிந்தன, யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டு, கப்பலுக்கு ஆமிக்காரனிடம் அனுமதி எடுக்க வேண்டும். நான் போகவேண்டாம் என்றேன். அவ கேட்கவில்லை என்றதும் பாஸ்போட்டை எடுத்து வேலையிடத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். கார்த்திகையில் புஷ்பம் போய்விட்டாள். அன்றிலிருந்து அம்மா என்னோடு நேரே ஒரு சொல் கதைக்கவில்லை. சமைத்தா, உடுப்புத் தோய்த்தா, கோயிலுக்கு என்னோடு ஒரே காரில் வந்தா, கதை மட்டும் இல்லை. நீ வீட்டில் இருந்தவரை, கொப்பரிட்டைச் சொல்லு உப்பு முடிஞ்சுதெண்டு, எண்டு உன்னை வைத்துக் கதைத்தா. நீ போன பிறகு ரி.வி.க்குச் சொன்னா, கேத்திலுக்குச் சொன்னா. பக்கத்து ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து என் கூட்டாளி அருளானந்தன் சீட்டு விளையாட வந்தால் மட்டும் எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சேர்த்து அந்த மனுசனிடம் சொல்லுவா, அவனும் ஒரு அடி தள்ளியிருக்கிற என்னிடம் திரும்பச் சொல்லுவான். ஊர் சிரித்தது. இப்படி ஆறு வருஷம் போனது.

போன கோடையில் ஒரு பின்னேரம் நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன், அம்மா குசினியால் எட்டிப் பார்த்து, இஞ்சாருங்கோ தேத்தண்ணி போடட்டோ எண்டு கேட்டா. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், வேறு ஆரும் வந்திருக்கிறார்களோ என்று. ஒருவரும் இல்லை. ஓம் போடும் என்றேன். ஏன், எதற்கு, கோபம் ஆறிவிட்டதோ என்று நான் கேட்கவில்லை, கேட்டால் திரும்ப நிப்பாட்டிவிடுவா என்று பயம், அந்தப் பயத்தில் உனக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்தக் கோடை முழுக்க நான் இருந்த சந்தோசத்தை எனக்கு எழுத்தில் எழுதத் தெரியாது. வேலை முடிந்தால் ஒரு இடமும் நிற்காமல் வீட்டுக்கு ஓடி வந்தேன். அவ கதைக்க நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னா, இத்தனை வருஷக் கதை வயிற்றுக்குள் கிடந்து வருகுது என்றுதான் நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் பார். தான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துக் குசினியில் லீவான நாளில் போய் நின்றிருக்கிறா, அவர்கள் எனக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னார்கள். ஒரு நாள் ஸ்டோவ்னரில் இறங்காமல் ரயிலில் வெஸ்ட்லிக்குப் போய்க் கடைசி ஸ்டேசனில் குந்தியிருந்தா. இந்த நாட்டு நொஸ்க் பாஷை குறைந்துகொண்டே வந்தது, கடையில் பணம் வாங்குகிற பிள்ளையோடு தமிழில் கதைத்தா. இதையெல்லாம் களைப்பு, வயது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஐப்பசியில் ஒரு நாள் தபாலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, புஷ்பத்தின்ரை கடிதம் ஒண்டையும் காணேல்லை, இப்ப அவளுக்கு இருமல் சுகமோ தெரியேல்லை எண்டா. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்மாவின் கோபம் ஆறவில்லை. கோபம் எதற்கென்றே அவவுக்குத் தெரியாமல் போய்விட்டது.

டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன், அவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதினார், அங்கே தலையைப் படம் எடுத்தார்கள், பேப்பரில் மணிக்கூடு கீறச் சொன்னார்கள், இது எந்த வருஷம் என்று கேட்டார்கள். அறுபது வயதுகூட ஆகவில்லை, இவ்வளவு கெதியாய் வருவது குறைவுதான், ஆனால் வந்துவிட்டது என்றார்கள். மறதி நோய். மருந்து கொஞ்சம் தாமதப்படுத்தும், மாற்றாது. உனக்கு உடனே சொல்லாததற்கு என்னைத் திட்டு, வாங்கிக்கொள்ளுகிறேன்.

இனி அந்தப் புத்தகத்தின் கதை. அம்மா அதை மடியில் வைத்துப் படம் படமாகப் பார்த்தா, கடலையும் தென்னை மரங்களையும் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. துஷ்யா ரிக்கெட் போட்டிருக்கிறாள், நாங்கள் புஷ்பத்தைப் பாக்கப் போறம் எண்டு அருளானந்தனின் மனுசிக்கு ரெலிபோனில் சொன்னா. சூட்கேசை இறக்கி வைத்தா. புஷ்பத்துக்கென்று இரண்டு சீலை, ஒரு கம்பளிச் சால்வை, சவர்க்காரம், இருமலுக்கு இனிப்பு எல்லாம் அடுக்கினா. அடுக்கினதை மறந்து திரும்ப இறக்கித் திரும்ப அடுக்கினா. நான் இரண்டு கிழமை பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னால் பொறுக்க முடியவில்லை, பக்கத்தில் இருத்தி, புஷ்பம் செத்துக் கனகாலம் என்று சொன்னேன். சூட்கேசைப் பிடித்தபடி என்னைப் பார்த்தா. எப்ப எண்டா. சொன்னேன். அப்ப நான் ஏன் போகேல்லை எண்டு கேட்டா. பாதை பூட்டு, பிளேன் இல்லை என்று ஏதாவது சொல்லியிருக்கலாம், முழுப்பொய்யும் ஆகாது. வாய் வரவில்லை மகள். நான்தான் விடேல்லை எண்டேன். அழுதா, அழுது முடிய என் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது எனக்குப் பழக்கமான பார்வை. தலையணையை எடுத்துக்கொண்டு உன் அறைக்குப் போய்விட்டா. அன்று முழுக்கவும் அடுத்த நாளும் ஒரு சொல் இல்லை, சோறு கிடக்கெண்டு சுவருக்குத்தான் சொன்னா. நான் உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன் என்று எழுதினால் நீ எனக்குப் பைத்தியம் என்பாய். ஆனால் உண்மை அதுதான். அந்த இரண்டு நாளும் என்னுடைய மனுசி முழுதாக வீட்டில் இருந்தா. அதற்கு அடுத்த நாள் காலமை வந்து, இஞ்சாருங்கோ தேத்தண்ணி போடட்டோ, ரிக்கெட் வந்திட்டுதோ, புஷ்பத்துக்கு அறிவிச்சிட்டியளோ எண்டு கேட்டா. நான் குளிக்கும் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

இப்போது சொல்லு, அந்தத் தீவுக்கு நான் இவவை எப்படிக் கூட்டிக்கொண்டு வருவது. பிளேனால் இறங்கியதும் தங்கச்சி எங்கே என்று பார்ப்பா. ஒவ்வொரு கதவாய்த் தட்டுவா. அங்கே வேலை செய்கிற இலங்கைப் பிள்ளை ஒருத்தி தமிழில் வாங்கோ என்று சொன்னால் அவ்வளவுதான், அவளைப் பிடித்து வைத்துக்கொண்டு புஷ்பத்தின் வீட்டுக்கு வழி கேட்பா. தண்ணீருக்கு மேலே கட்டிய வீட்டில் இரவில் எழும்பி நடந்தால் என்ன செய்வது என்பதும் இருக்கிறது. அதைவிடப் பெரிது, அங்கே திரும்பவும் நான் சொல்ல வேண்டி வரும். நான் சொல்லுகிற ஒவ்வொரு முறையும் புஷ்பம் இவவுக்குப் புதிதாய்ச் சாகிறாள், இவவும் புதிதாய் ஏன் விடவில்லை என்று கேட்பா. இனிச் சொல்லுகிறதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். எப்ப போறம் என்று கேட்டால் பாதை பூட்டு, திறக்கப் போவோம் என்கிறேன். பாதையும் திரும்பப் பூட்டித்தானே கிடக்கிறது. அன்றைக்கு இதே சொல்லைச் சொன்னபோது என் முகத்தில் விட்டெறிந்தவ, இப்போது, சரி, திறக்கட்டும் என்று தலையாட்டிவிட்டுப் போகிறா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே பாஸ்கா லீவுக்கு நீங்கள் இருவரும் இங்கே வாருங்கள். பனி இன்னும் கிடக்கும், மருமகனிடம் சொல்லித் தடித்த உடுப்பு எடுத்து வா. தள்ளிப் போடாதே, இப்போது உன்னைத் துஷ்யா என்று கண்டவுடன் சொல்லுவா, அடுத்த வருஷத்துக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது. வந்தால் அம்மா புஷ்பம் சித்தியைக் கேட்பா, நீ ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்துக்கொண்டிரு, மிச்சம் நான் பார்க்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் திரியாதே, வேலையிடத்தில் ஆரோடும் வீண் கதை வேண்டாம். வயிற்றில் ஒன்று தங்கினால் முதலில் எங்களுக்குச் சொல்லு. நீங்கள் இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடும் ஒற்றுமையோடும் வாழ முருகன் துணை நிற்கட்டும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். நாங்கள் சேர்ந்துவிட்டோம் என்று நீ உன் சிநேகிதிகளுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் சொல்லியிருக்கிறாய், கோயிலில் ஆட்கள் வந்து என் கையைப் பிடிக்கிறார்கள். நான் அன்றைக்கு மறித்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்லுவேன், விட்டிருந்தால் உன் அம்மா திரும்பி வந்திருப்பாவோ ஆருக்குத் தெரியும். ஆனால் அம்மா அதை ஒருநாளும் ஏற்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆறு வருஷம் வாயைத் திறக்காமல் இருக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும். தங்கச்சிக்காக அவ வைத்திருந்த கோபம் அது, அவவுடைய சொத்து. அதை நோய் பறித்துக்கொண்டு போனதைச் சமாதானம் என்று சொல்லி நான் தேத்தண்ணி குடிக்கிறேன். நாளைக்கு நாங்கள் இல்லாத காலத்தில் உன் பிள்ளைகள் கேட்டால், அவர்கள் கடைசியில் சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்லாதே. அம்மா என்னை மன்னிக்கவில்லை. அவ மறந்துவிட்டா. நீ மறக்காதே.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
சி. இராசதுரை