என் தட்டும் உன் தட்டும்

அன்புள்ள தம்பிக்கும், இதை அவனுக்கு வாசித்துக்காட்டும் அவன் மனைவிக்கும்,

அக்கா எழுதுகிறேன். இங்கே நலம். இருமல்தான் விட்டபாடில்லை, அது கிடக்கட்டும். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா? அம்மாடி, உன்னிடம் ஒரு வேண்டுகோள். ஒரு வரிகூட விடாமல் வாசி.

தம்பி, உன் பார்வை ஏன் மங்குகிறது என்று பார்க்க, உன் கையிலிருந்து எடுத்த துளி தோலை எங்கள் ஆய்வகத்தில் விழித்திரையின் நிறமி செல்களாக வளர்த்திருப்பது உனக்குத் தெரியும். ஒரு சின்னக் கண்ணாடித் தட்டில் உன் செல்கள், ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்துத் தட்டில் என் செல்கள். வேலை செய்யச் சொல்லி சேதி வந்தால் செல்லுக்குள் கால்சியம் சட்டென்று ஏறி, வேலை முடிந்ததும் இறங்க வேண்டும். சாயம் போட்டிருப்பதால் நுண்ணோக்கியில் பளிச்சென்று தெரியும். என்னுடையவை ஒழுங்காக ஏறி இறங்குகின்றன. உன்னுடையவை உன்னைப் போலத்தான், எழுப்பினால் புரண்டு படுக்கின்றன. ஒரே வயிற்றில் பிறந்தோம், உனக்கு மட்டும் ஏன் இப்படி என்று அந்தத் தட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் புது மருந்து விட்டதும் உன் செல்களும் என்னுடையவை மாதிரியே ஏறி இறங்கின. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் போனில் உன்னிடம் கத்தினேன். நீ அதையே பிடித்துக்கொண்டாய்.

இந்த நிறமி செல்கள் சமையல்காரர்கள் மாதிரி. ஒளியைப் பிடிக்கும் செல்களுக்குச் சோறு போடுவது இவர்கள் வேலை. உன் கண்ணின் நடுவில் சோறில்லாமல் அவை செத்துப்போய்விட்டன. இனி சமையல்காரர் எழுந்து அடுப்பை மூட்டினாலும் சாப்பிட ஆளில்லை. எங்கள் டாக்டரிடம் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்த மருந்து வந்தாலும் உனக்கு உதவாது.

அம்மாடி, இங்கே நிறுத்திவிடாதே. கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பதாகத்தானே உன்னிடம் சொல்லியிருக்கிறான்? இல்லை. இன்னும் கரண்ட் கம்பம் ஏறுகிறான். எந்த ஒயர் எதுவென்று தெரியாமல் தடவிப் பார்த்து வேலை செய்கிறான். போனில் திட்டினேன். மருந்து வர்ற வரைக்கும் தடவியே ஓட்டிடுவேன்க்கா, அதான் நீ இருக்கியே என்று சிரித்தான்.

அதனால்தான் தம்பி, கடிதம் எழுதினேன். போனில் சொன்னால் உன் காதோடு நின்றுவிடும். கடிதம் அவள் வாய் வழியாகத்தான் உன்னிடம் வர வேண்டும். என்மேல் கோபப்படு, பேசாமல்கூட இரு. அவள்மேல் காட்டாதே.

நாளை விடுமுறைதான். ஆனாலும் போய் உன் செல்களுக்குத் தீனி மாற்ற வேண்டும். தட்டில் இருப்பதை என்னால் பார்த்துக்கொள்ள முடிகிறது. உன்னை முடியவில்லையடா. கம்பத்திலிருந்து இறங்கிவிடு, ராசா. பார்வை போகட்டும். நீ இரு.

உன் அக்கா