சொல்லிவிட்டு அடிப்பது

ஜூன் 11, புதன்

காற்று அடங்கவில்லை. கணவாய்க் காற்று தென்னை மட்டைகளைப் பிய்த்து வாசலில் எறிகிறது. மாடு சரியாகத் தின்னவில்லை.

மதியம் ஒரு லாரி தோட்டத்துக்குள் வந்து சிமென்ட் கல்லை இறக்கிவிட்டுப் போனது. என்ன கல் என்று மோனிஷாவைக் கேட்டேன். மருமகள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ரண்டு ஊட்டுக்கும் நடுவுல ஒரு சொவுரு வெக்கச் சொன்னாருங்கத்தை."

சொன்னவன் என் மகன் சிவப்பிரகாஷ். கத்தாரில் கரண்ட் வேலை. அவன் கட்டிய புது வீடு என் பழைய வீட்டுக்கு எதிரே, ஒரே வாசலில் நிற்கிறது. அதில் மோனிஷாவும் பேத்தியும் இருக்கிறார்கள். அவனும் நானும் பேசி ஆறு வருஷம் ஆகிறது.

சுவரா. சரி. என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஆடியில் குலதெய்வக் கோவிலில் பங்காளிகள் எல்லோரும் கூடுவார்கள். நடுவில் நின்று சொல்லிவிடுவேன், என் பிணத்துக்கு அவன் கொள்ளி வைக்கக் கூடாது என்று. இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வருவதற்குள் அப்புசாமி வந்து டிவியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரரின் தம்பி; அண்ணன் பெண்டாட்டி என்பதால் என்னை நங்கை என்பார். அவர் வீட்டு டிவி இடியில் போய்விட்டது. அதனால் உலகச் செய்தியெல்லாம் இப்போது என் வீட்டில்தான்.

"ஏனுங் நங்கை, இஸ்ரேல்காரன் ஈரானுக்குள்ள பூந்து அடிச்சுப்போட்டானுங்க. அணுகுண்டுச் சமாச்சாரம் இருக்கற எடத்தையே!"

அவரே போய் அடித்துவிட்டு வந்த மாதிரி முகத்தில் ஒரு வெளிச்சம். தொண்ணூற்றெட்டில் நம் ஆட்கள் பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தபோது இதே அப்புசாமி ஊரெல்லாம் லட்டு கொடுத்தார். என் வாசலை மட்டும் தாண்டிப் போனார். அப்போது அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் வாய்க்கால் தண்ணீரில் பேச்சில்லை. லட்டு எனக்கு வேண்டியதில்லை. ஆனால் தாண்டிப் போனார்.

கத்தார் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "கடலுக்கு அக்கட்ட ஈரானுங்க, இக்கட்ட கத்தாருங்க."

ஜூன் 15, ஞாயிறு

யார் முதலில் தொடங்கியது என்று டிவியில் நாலு பேர் கத்தினார்கள். ஒருவர் போன வாரத்திலிருந்து கதை சொன்னார். ஒருவர் நாற்பது வருஷத்துக்கு முன்னாலிருந்து சொன்னார். கதையை எங்கே தொடங்குகிறோமோ, குற்றவாளி அதற்குத் தக்கபடி மாறுகிறான்.

என் கதை, புது வீட்டுக்கு நூல் பிடித்த அன்று தொடங்குகிறது. மேற்கே சமையலறை வாசல் வைக்காதே, காற்று நேரே அடுப்பில் அடிக்கும் என்றேன். கொத்தனார் முன்னால், அவன் மாமியார் வீட்டார் முன்னால் சொன்னான்: "அஞ்சாங்கிளாஸ் படிச்சுட்டு பிளானப் பத்திப் பேசாதீங்க." அதனால் நான் புதுமனை விருந்தில் கை நனைக்கவில்லை. என் வீட்டுச் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய், எல்லோரும் பார்க்கக் குடித்துவிட்டு வந்தேன். அதனால் அவன், என் பேத்தி தமிழ்ப்ரியாவின் காதுகுத்தில், எனக்குப் போட்டிருந்த நாற்காலியில் தன் மாமியாரை உட்கார வைத்தான். அதனால் அவன் எடுத்துக் கொடுத்த சேலையைப் பூசாரி பெண்டாட்டிக்குக் கொடுத்தேன். அவள் அதைக் கட்டிக்கொண்டு அவன் கண்ணெதிரே கோவிலைச் சுற்றினாள். அதனால் அவன் பேச்சை நிறுத்தினான். இப்போது சுவர்.

எழுதிப் பார்த்தால் எல்லாம் சின்னதுதான். ஆனால் ஒவ்வொன்றும் முன்னதைவிட ஒரு விரல்கடை பெரிது. வாங்கிய அளவுக்கே திருப்பிக் கொடுத்தால் தோற்றது போல் இருக்கும். அதனால் ஒரு விரல்கடை கூட. அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். இருக்கட்டும். தொடங்கியது அவன்.

ஜூன் 17, செவ்வாய்

மழை. கல் நனைகிறது. நனையட்டும்.

ஜூன் 19, வியாழன்

மலையாள டிவியில் ஒரு பழைய பட்டாளக்காரர் பொறுமையாகச் சொன்னார். இவன் அவனை அடிப்பான். அவன் இவனுடைய கூட்டாளியின் முகாமை அடிப்பான். கூட்டாளி அமெரிக்கா, சும்மா இருக்க முடியாது. அமெரிக்கா முழுசாக இறங்கினால் ரஷ்யாவும் சீனாவும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தால் அவர்களுக்குக் குறைச்சல். எல்லோர் கையும் அணுகுண்டுப் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும்போது, யாராவது ஒருவன் திரையில் ஒரு புள்ளியைத் தப்பாகப் பார்த்தால் போதும். யாருக்கும் வேண்டாத யுத்தம் அப்படித்தான் வரும் என்றார். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

அப்புசாமி ஒத்துக்கொள்ளவில்லை. "ஒருத்தனும் போடமாட்டானுங்க நங்கை. போட்டா அவனுக்கும் மிச்சமில்லீங்களே."

"எதிராளி அதுக்கு மேல ஏறமாட்டான்னு நெனச்சுத்தானுங்களே ரண்டு பேரும் ஏறறது" என்றேன்.

அவர் காப்பி கேட்டார். 

பெரிய நாடுகளைப் பார்த்தால் எனக்கு என் அண்ணன்மார் நினைவு வருகிறது. காதுகுத்துக்குப் பிறகு உடுமலையிலிருந்து சமாதானம் பேச வந்தார்கள். பேசி முடித்துக் கார் ஏறியபோது புதிதாக நாலு வருத்தம் சேர்ந்திருந்தது. சண்டை அவர்களுடையது அல்ல. ஆனால் தங்கச்சி பக்கம் நிற்காவிட்டால் அவர்களுக்கு மரியாதை இல்லை.

கொள்ளிப் பேச்சை நான் வைத்திருப்பது, சொல்லாமலே, சிவப்பிரகாஷுக்குத் தெரியும். தன் பங்குக் காட்டு நிலத்தை வெளியாளுக்கு விற்றுவிடுவேன் என்ற பேச்சை அவன் வைத்திருப்பது எனக்குத் தெரியும். இரண்டு பேரும் இதுவரை வெளியே எடுத்ததில்லை. எடுத்தால் அதற்கு மேல் ஏறப் படி இல்லை. கொள்ளி வைக்காதே என்று சொல்லிவிட்டு மறுநாள் என்ன சொல்வேன்?

அப்படியென்றால் ஆடியில் சொல்வேன் என்று ஏன் எழுதினேன்? சொல்லத்தான் போகிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

அமெரிக்காக்காரன் இறங்கிவிட்டான். மலைக்கு அடியில் இருக்கிற இடத்தில், மண்ணைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் வெடிக்கிற குண்டைப் போட்டிருக்கிறான். அப்புசாமி இன்று கை தட்டவில்லை. ஈரான் இனி அமெரிக்காவின் முகாம்களைத் தேடும், கத்தாரில் பெரிய முகாம் ஒன்று இருக்கிறது என்று டிவியில் படம் போட்டுக் காட்டினார்கள்.

மோனிஷா மெதுவாகச் சொன்னாள், அவர் தங்கியிருப்பது அந்த முகாமுக்குப் போகிற ரோட்டில்தான் என்று. "ஒன்னும் ஆகாதுங்கறாருங்கத்தை."

"ஆகாதுன்னா செரி."

மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஊறவைக்க மறந்துவிட்டேன். நான் மறந்தேன்.

ஜூன் 24, செவ்வாய், காலை

நேற்று கத்தாரில் ஏவுகணை விழுந்தது.

விடிந்ததும் மோனிஷா தலையைக்கூட முடியாமல் ஓடி வந்தாள். "போன் போகமாட்டீங்குதுங்கத்தை." டிவியில் வானத்தில் நெருப்பு போகிறது. யாரோ மாடியிலிருந்து எடுத்தது. திரும்பத் திரும்ப அதையே போடுகிறார்கள்.

டேய், எங்கடா இருக்கறே. உள்ள போயிருடா. சொவுரு என்ன, நாலு சொவுரு வெச்சுக்கோ, நா கேக்கமாட்டேன். கரண்டு வேலைக்குப் போன பையனுக்கும் இந்தப் பெரிய மனுசனுங்க பொல்லாப்புக்கும் என்ன சம்பந்தம். அவனுங்க ஊட்டுப் புள்ளைக அங்க இருக்குதா?

பால் கறக்கப் போனேன். மடியைக் கழுவாமலே காம்பைப் பிடித்தேன். மாடு காலைத் தூக்கியது.

கொள்ளி வைக்காதே என்று சொல்வதற்கு நான் முதலில் போக வேண்டும். முறை அப்படித்தான். அந்த முறை மாறிப் போகலாம் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் நினைத்ததில்லை.

அன்றே, மதியம்

மோனிஷாவிடம் பேசிவிட்டான். எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டதில் லைன் கிடைக்கவில்லையாம். ஒரு கீறல் இல்லை. அவன் தங்கியிருக்கிற கேம்ப்பில் எல்லோரும் மொட்டை மாடியில் ஏறி நின்று வேடிக்கை பார்த்தார்களாம்.

வேடிக்கை. இதையும் சேர்த்து வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 25, புதன்

சண்டையை நிறுத்திவிட்டார்கள் என்கிறார்கள். அப்புசாமி அலுத்துப் போனார்.

"நாடகமுங்க நங்கை. ஈரான்காரன் கத்தார்ல போடறதுக்கு முன்னாடியே சொல்லிப்போட்டானாமா. இவனுக முகாமக் காலி பண்ணிப்போட்டு உக்காந்துட்டானுகளாமா. ஒரு உசுரு போகலீங்க. சொல்லிப்போட்டு அடிக்கறவனெல்லாம் ஒரு ஆளுங்களா?"

நான் சிரிக்கவில்லை. அடிக்காமல் விட்டால் ஈரான்காரன் தன் ஊரில் தலை காட்ட முடியாது. நிஜமாகவே அடித்தால் அடுத்த படி. சொல்லிவிட்டு அடித்தால் அடித்த மாதிரியும் ஆயிற்று, எதிராளி நகர்ந்துகொள்ள இடம் கொடுத்த மாதிரியும் ஆயிற்று. வாங்கியவனும் அது புரிந்து திருப்பி அடிக்காமல் விட்டான். இப்போது எல்லோரும் நான்தான் ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லட்டுமே.

இது எத்தனை நாள் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. மனதில் இருப்பது மனதில்தான் இருக்கும். ஆனாலும் ஒரு படி இறங்கியிருக்கிறார்கள்.

மன்னித்துவிடு என்று என்னிடம் பலபேர் சொல்லியிருக்கிறார்கள். மறந்துவிடு என்றும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் எனக்கு வராது. இப்படி ஒரு வழி இருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை.

ஜூன் 26, வியாழன்

மோனிஷாவைக் கூப்பிட்டேன்.

"நாளைக்கு வெள்ளி. அவனுக்கு லீவுதானே. மத்தியானம் உன்ற போன்ல நா கூப்புடுவேன்னு சொல்லு."

அவள் கண் பெரிதாயிற்று. "பேசறீங்களா அத்தை?"

"பேசறதுக்கில்ல. வையறதுக்கு. நல்லா வைவேன். எதுக்குன்னும் இப்பவே சொல்லீரு. நூல் புடிச்ச அன்னிக்குப் பேசுன பேச்சுக்கு ஒன்னு. காதுகுத்து நாற்காலிக்கு ஒன்னு. சொவுத்துக்கு ஒன்னு. மூணோட நிறுத்திக்குவேன். அவன் மாமியாரையோ காட்டையோ இழுக்கமாட்டேன். அதயும் சொல்லு."

"இத எப்படிங்கத்தை நா சொல்றது?"

"அப்படியே சொல்லு. ஒரு வார்த்த மாத்தாதே."

பொழுது சாய்வதற்குள் பதில் வந்தது. "செரின்னுட்டாருங்க. குளிச்சுச் சாப்புட்டுப் போட்டு உக்காந்துக்கறாராமா."

ஜூன் 27, வெள்ளி

"சொல்லுங்கம்மா" என்றான். குரல் தடித்திருக்கிறது. அவன் அப்பாவின் குரல் மாதிரி.

வைதேன். முதலாவதை முழுசாக, இரண்டாவதை இன்னும் நன்றாக. கொத்தனார் எந்தப் பக்கம் நின்றார் என்பது முதல் சொன்னேன். அவன் குறுக்கே பேசவில்லை. போன் செத்துவிட்டதோ என்று நடுவில் ஒருமுறை கேட்டேன். "இருக்கறேனுங்க" என்றான்.

சுவருக்கு வந்தபோது மட்டும் வாய் திறந்தான். "மாடு அத்துக்கிட்டு வந்து அவ வெச்ச ரோசாச்செடிய மேயுதுங்கம்மா. அதுக்குத்தானுங்க."

"மாட்டக் கட்டச் சொல்ல வாயில்லையாடா?"

"யாருகிட்டச் சொல்றதுங்க?"

அதற்குத் திருப்பிக் கொடுக்க நல்லதாக ஒன்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவன் மாமியார் அதில் இருந்தாள். இழுக்கமாட்டேன் என்று சேதி அனுப்பியிருக்கிறேன். விழுங்கினேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது. வெச்சுரு."

மோனிஷா கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். எதற்கென்று தெரியவில்லை. வைதது அவளையல்ல.

ஜூன் 30, திங்கள்

மாட்டுக்குப் புதுக் கயிறு. ஒன்றையும் நான் மறந்துவிடவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்புசாமி கோவில் கூட்டத்துக்கு நாள் குறித்ததைச் சொல்ல வந்தார். "கூட்டத்துல என்னமோ பேசோணும்னீங்களே நங்கை?"

"இல்லீங்க. பேசறதுக்கு ஒன்னுமில்லீங்க."

ஜூலை 3, வியாழன்

மோனிஷா சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்து நின்றாள். "அத்தை, நாளைக்கு அவரு கூப்புடறாராமா. இந்தத்தடவ வையறது அவருங்களாமா. சொம்புத் தண்ணிக்கு ஒன்னு, சேலைக்கு ஒன்னு, அப்பறம் இன்னும் மூணு. மொத்தம் அஞ்சுங்களாமா."

"அஞ்சா? நா மூணுதானே வெச்சேன்! மூணுக்கு மேல கேக்கமாட்டேன்னு சொல்லு."

போனாள். வந்தாள். மறுபடி போனாள். சேலையையும் சொம்பையும் விடமாட்டேன் என்கிறானாம். மற்றதில் ஒன்றை விட்டுக்கொடுக்கிறானாம். எதை விட்டான் என்று கேட்டேன். அதைச் சொல்லமாட்டானாம்.

நாலுக்கு ஒத்துக்கொண்டேன்.

நாளைக்கு வேளையோடு சமைத்துச் சாப்பிட்டுவிட வேண்டும். அவன் இழுத்து இழுத்துப் பேசுகிறவன், நாலையும் சொல்லி முடிக்க நேரம் ஆகும்.