நீ எழுதாத பரிந்துரைக் கடிதம்

வாளியும் கயிறுமாக எப்போதும் எனக்கு நாலடி முன்னால் நடக்கிற மரகதம் அக்காவுக்கு,

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. உனக்கு ஒரு வரி எழுத இத்தனை நாள் கை வரவில்லை. ரொம்பத் தாமதமாகத்தான் எழுதுகிறேன். இப்போதும் அன்பு மட்டும் எழுத வைக்கவில்லை, பயமும் சேர்ந்துதான் எழுத வைக்கிறது. அதையும் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் பெயரில், உன் கையெழுத்தோடு, போன மாதத் தேதியிட்ட ஒரு கடிதம் யாருடைய கணினியிலோ இருக்கிறது. ‘அதை நான் எழுதவில்லை’ என்று சொல்ல உன்னால் முடியாது. அதனால் நான் சொல்கிறேன்.

தியா மதியத் தூக்கத்தில் இருக்கிறாள். நீ கடைசியாகப் பார்த்தபோது, நோயோடு ஊர் திரும்பிப் படுத்திருந்த உன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏறி உன் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கியவள். இப்போது மூன்று வயது. மலையாளத்தில் ‘எந்தா’ (என்ன) என்றும் தமிழில் ‘ஏன்’ என்றும் மாற்றி மாற்றிக் கேட்கிறாள். கேட்கட்டும் என்று விட்டிருக்கிறேன். இந்தக் குணம் அம்மாவிடமிருந்து வந்தது என்று அவள் அப்பா சொல்கிறார். அதை அவர் புகழ்ச்சியாகச் சொல்வதில்லை.

நம் ஆய்வுத் திட்டம் முடிந்ததும் என் வேலையும் முடிந்தது உனக்குத் தெரியும். பிறகு தியா. இப்போது நாலு வருட இடைவெளி. எந்த நேர்காணலுக்குப் போனாலும் அந்த இடைவெளியைத்தான் முதலில் தொட்டுப் பார்க்கிறார்கள், பல் டாக்டர் சொத்தைப் பல்லைத் தட்டிப் பார்ப்பது மாதிரி. காக்கநாட்டில் இவருடைய ஆபீஸில் ஆட்குறைப்பு, வாரத்துக்கு ஒரு நாற்காலி காலியாகிறது. வெளிநாடு போகலாம் என்று ஆரம்பித்தது இவர்தான். ஆனால் படிப்பு என்னுடையது, அதனால் விசாவும் என் பெயரில் என்று முடிவானது.

கலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஆலோசனை அலுவலகம். பிந்து சேச்சி என்று ஒரு மலையாளப் பெண்மணி நடத்துகிறார். நாங்கள் உட்காரும் முன்பே சாயா வந்துவிட்டது. கேட்காமல் சாயா வரும் இடத்தில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு, தெரியுமே.

நம்மைப் போன்ற ஆராய்ச்சிக்காரர்களுக்கு நாலைந்து வழி இருக்கிறதாம். கம்பெனி விண்ணப்பித்துக் குலுக்கலில் நம் பெயர் விழ வேண்டிய வழி ஒன்று. வயது, படிப்பு, மொழி என்று மதிப்பெண் போடுகிற நாடுகளின் வழி இன்னொன்று. ஐரோப்பாவில் நல்ல சம்பளத்தோடு வேலை கிடைத்தவர்களுக்கு நீல அட்டை. பிறகு, ஒரு ஆய்வகம் நம்மை அழைத்து ஒப்பந்தத் தாள் தந்தால் கிடைக்கிற ஆராய்ச்சியாளர் விசா. நீ போனது அதில்தான். "சின்னக் கதவுடி, குனிஞ்சுதான் போணும்" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

பிந்து சேச்சி அதையெல்லாம் கையால் தள்ளிவிட்டார். அமெரிக்காவில் அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கென்றே ஒரு வழி இருக்கிறதாம். வேலை தருபவர் வேண்டாம், அழைப்பும் வேண்டாம். நாம் அசாதாரணமானவர்கள் என்று நாமே விண்ணப்பித்து நிரூபித்தால் போதும்.

"நானா சேச்சி?" என்றேன்.

"பத்துக் காரியம் கேக்கும் மோளே. அதுல மூணு மதி. ஒந்நும் பேடிக்கண்டா, நான் செஞ்சு தரேன்."

பத்தில் மூன்று இருந்தால் போதுமாம், எதற்கும் பயப்பட வேண்டாமாம். இல்லாத ஒன்றை ஒருவர் எப்படிச் செய்து தர முடியும்? அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டே வாரத்தில் நான் அசாதாரணமாகிவிட்டேன் அக்கா. பெயரே கேள்விப்படாத ஒரு கழகம் என்னை உறுப்பினராக்கியது. இன்னொன்று சிறந்த பெண் விஞ்ஞானி என்று பதக்கத்தின் படம் அனுப்பியது. ஏதோ ஒரு இதழ், கட்டுரைகளை மதிப்பிடச் சொல்லிக் கேட்டது. திறந்து பார்த்தால் சிமென்ட் கலவையைப் பற்றிய கட்டுரை. நான் காயல் தண்ணீரில் பாக்டீரியா எண்ணியவள்.

"சேச்சி, இது எனக்குத் தெரியாத பாடம்" என்று போன் செய்தேன்.

"வாசிக்கணும்னு ஆரு பறஞ்ஞு?" என்றார். படிக்கச் சொன்னது யார் என்று கேட்டுச் சிரிப்பு வேறு.

போன வாரம் முழு ஃபைலும் வந்தது. திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இதில் உள்ளதெல்லாம் உண்மை என்று கீழே ஒரு வாசகம். பொய் என்று தெரிந்தால் அந்த நாட்டு வாசலை வாழ்நாள் முழுக்க மிதிக்க முடியாது என்று நானே தேடிப் படித்து வைத்திருந்தேன். என் பெயரோடு தியாவின் பெயரும் அதில் இருக்கிறது.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதில் என்னைப் பற்றி எழுதியிருந்ததை முதலில் சந்தேகத்தோடு படித்தேன். இரண்டாம் தடவை கொஞ்சம் மெதுவாகப் படித்தேன். மூன்றாம் தடவை பிடித்துப்போய்ப் படித்தேன். நாலு வருடமாக யாரும் என்னைப் பற்றி நல்லதாக ஒரு வாக்கியம் எழுதவில்லை.

அதன் பிறகுதான் பரிந்துரைக் கடிதங்களுக்கு வந்தேன். மொத்தம் ஏழு. ஏழாவது நீ.

நீ வேலை பார்த்த ஆய்வகத்தின் பெயர் மேலே. போன மாதத் தேதி. உலக அளவில் இந்தத் துறையில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரில் கோமதி ஒருவர் என்று நீ சொல்கிறாய். கீழே உன் கையெழுத்து. அதன் பக்கத்தில் மேல்நோக்கி ஒரு சின்ன அம்புக்குறி.

அந்த அம்புக்குறியில்தான் என் விரல் போய் நின்றது.

படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். நானும் அக்காவும் மட்டாஞ்சேரியில் ஒரே வரிசை வீட்டில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள். எங்கள் இரண்டு அப்பாக்களும் கார்ப்பரேஷன் வேலை. அக்கா ஆறு வருடம் மூத்தவள், பிற்பாடு ஒரே ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்து வேலை பார்த்தோம். படகுத்துறையில் தண்ணீர் எடுப்போம். ஏற்றத்தில் எடுத்தால் கடல் உள்ளே வந்திருக்கும், இறக்கத்தில் எடுத்தால் ஊர்ச் சாக்கடை வெளியே போய்க்கொண்டிருக்கும். எப்போது எடுத்தது என்று தெரியாவிட்டால் அந்தப் பாட்டில் தண்ணீருக்கு அர்த்தமே இல்லை. அதனால் நோட்டில் கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் அம்புக்குறியும் போட வேண்டும். ஏற்றம் என்றால் மேலே, இறக்கம் என்றால் கீழே. அக்காவுக்கு அது கையோடு ஒட்டிக்கொண்டது. எந்தக் கையெழுத்தானாலும் அந்த நேரத்துத் தண்ணீரை நினைத்து ஒரு அம்புக்குறி.

என் கல்யாணப் பதிவில் நீ சாட்சிக் கையெழுத்துப் போட்டது நினைவிருக்கிறதா? அந்த அலுவலர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு "இதெந்தா?" என்றார். "எறக்கம், சாரே" என்றாய். "கல்யாணம் முடிஞ்சா எறக்கம்தானே" என்று அவர் சொன்னதற்கு இவர்தான் முதலில் சிரித்தார்.

நீ கையெழுத்துப் போட்ட தாள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஒரு உதவித்தொகைக்காக நீ எனக்கு எழுதித் தந்த கடிதம். எறணாகுளம் படகில், மடியில் வைத்துப் போட்ட கையெழுத்து. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அது தியாவின் தடுப்பூசி அட்டையோடு எங்கள் வீட்டு அலமாரிக்குள் இருக்கிறது. அலமாரிக்கு ஒரே சாவி, அதை எடுப்பது நாங்கள் இரண்டு பேர்தான்.

அன்று சாயங்காலம் இவர் வந்து சட்டையைக் கழற்றும் முன்பே கேட்டேன்.

"மரகதக்கா கடிதம் எப்படி அவங்க கைக்குப் போச்சு?"

"ஃபைலு முழுக்கக் கேட்டாங்க. அலமாரில இருந்ததெல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்புனேன்."

"அக்கா இல்லேன்னு சொன்னீங்களா?"

சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொன்னேன்."

"அதுக்கு?"

"இங்க செத்தது அங்க யாருக்குத் தெரியும்னாங்க. பழைய கடிதத்தைக் கொஞ்சம் புதுப்பிக்கிறதுதானாம்."

"நீங்களும் சரின்னுட்டீங்க."

"கோமதி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அக்கா இருந்திருந்தா எழுதியிருக்கும்ல?"

இவர் கெட்டவர் இல்லை அக்கா. பயந்தவர். நானும்தான். ஆனால் ஐந்து வருடத்தில் முதல் தடவையாக, அலமாரிச் சாவியை என் தாலிச் செயினில் கோத்துக்கொண்டேன். அவர் பார்க்கத்தான் கோத்தேன். அதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

நீ எழுதியிருப்பாயா? அந்தக் கேள்வி இரண்டு நாள் என்னோடு சமையலறையில் நின்றது. மூன்றாம் நாள் உன் உண்மையான கடிதத்தை எடுத்து இரண்டையும் அருகருகே வைத்து, நோட்டைச் சரிபார்ப்பது போல் வரிவரியாக ஒப்பிட்டேன். உன் வாக்கியங்கள் பாதி அப்படியே இருந்தன, மினுக்கி வைத்திருந்தார்கள். ஒரே ஒரு பத்தியைத்தான் முழுதாக எடுத்திருந்தார்கள்.

அதில் நீ இப்படி எழுதியிருந்தாய்: "கோமதி மெதுவாக வேலை செய்பவர். எந்த முடிவையும் உடனே நம்ப மாட்டார், தன் முடிவை எல்லாவற்றுக்கும் முன்னால் சந்தேகிப்பார். அதனால்தான் அவர் தரும் எண்ணை நான் மறுபடி எண்ணிப் பார்ப்பதில்லை."

இந்தப் புதுக் கடிதத்தை நீ எழுதியிருக்க மாட்டாய் என்று அப்போது தெரிந்தது. அவர்கள் வெட்டி எறிந்த அந்த மூன்று வரிதான் அக்கா நான்.

சனிக்கிழமை இருவருமாகக் கலூர் போனோம். வர வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பிந்து சேச்சியிடம் அம்புக்குறியைக் காட்டி, "இது என்ன சேச்சி?" என்றேன்.

"அது ஒப்பின்டெ ஸ்டைல் அல்லே மோளே?"

அம்புக்குறியும் கையெழுத்தில் ஒரு பகுதி என்று நினைத்து, அதையும் சேர்த்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். நான் விளக்கவில்லை. கையெழுத்துப் போடப் போவதில்லை, ஃபைலைக் கொடுங்கள் என்றேன்.

"எல்லாரும் இங்ஙனெ தந்நெ செய்யுந்நது. நிங்கள் தமிழர்க்கு எப்பவும் சம்சயமாணு" என்றார், சிரிப்பு மாறாமல். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்களாம், தமிழர்களுக்குத்தான் எப்போதும் சந்தேகமாம்.

இவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அதுக்குத்தான் சேச்சி அவளுக்குப் பட்டம் குடுத்திருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. படியிறங்கும்போது சாவியைச் செயினிலிருந்து கழற்றி அவர் சட்டைப் பையில் போட்டேன்.

தாளைத் திருப்பித் தந்துவிட்டார்கள். கணினியில் இருப்பதை அழித்துவிட்டதாகவும் சொன்னார்கள். நம்புவேனா? உன் பெயரில் ஒரு கடிதம் கிடைத்தது என்றால் அதை இன்னொருவருக்கும் பயன்படுத்துவார்கள், வேறு பெயரைப் போட்டு. அதனால் நீ வேலை பார்த்த ஆய்வகத்துக்கு எழுதிவிட்டேன்: மரகதம் இறந்துவிட்டார், அவர் இறந்த நாளுக்குப் பிந்தைய தேதியில் எது வந்தாலும் அது அவர் எழுதியதல்ல. அதோடு, என் பெயரில் வந்த பதக்கம், கழகம், சிமென்ட் எதையும் எங்கும் காட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

பிறகு நீ போன சின்னக் கதவைத் தட்டினேன். உப்பங்கழித் தண்ணீரில் வேலை செய்கிற மூன்று ஆய்வகங்களுக்கு நானே எழுதினேன். நாலு வருட இடைவெளி, அதற்குக் காரணம் ஒரு குழந்தை, அதற்காக மன்னிப்புக் கேட்கவில்லை என்று எழுதினேன். உன் பழைய கடிதத்தை, பழைய தேதியோடு, அம்புக்குறியோடு, அப்படியே வைத்தேன். கீழே ஒரு வரி: இதை எழுதியவர் உயிரோடு இல்லை, இவரிடம் நீங்கள் விசாரிக்க முடியாது.

இரண்டு இடத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. மூன்றாவது இடத்திலிருந்து நேற்று வந்தது. இடம் இருக்கிறதென்றோ, விசா கிடைக்குமென்றோ சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள்: கையெழுத்துக்குப் பக்கத்தில் அந்த அம்புக்குறி எதற்கு?

மரியாதைக்குக் கேட்டார்களா, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்களா? இதிலும் எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் பதில் எழுத இரண்டு பக்கம் பிடித்தது. எழுதும்போது நாலு வருடம் என்ற ஒன்று நினைவிலேயே இல்லை.

இன்று காலை மூவரும் படகுத்துறைக்குப் போனோம். தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று இவருக்குப் பார்க்கத் தெரியவில்லை. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்துகொண்டு! மிதக்கிற பாயல் செடிகளைப் பாருங்கள், கடல் பக்கம் போனால் இறக்கம் என்று காட்டினேன். "அப்ப அக்கா கடைசியாப் போட்ட கையெழுத்து எப்படி?" என்று கேட்டார். ஆஸ்பத்திரிச் சம்மதத் தாளில் நீ போட்டது. கட்டிலில் படுத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, தண்ணீரே தெரியாத அறையில், என்னிடம் மணி கேட்டுவிட்டுப் போட்டாய். மேலேதான் அக்கா. ஏற்றம்.

நாங்கள் போகலாம், போகாமலும் இருக்கலாம். இவருடைய நாற்காலி நாளைக்கே காலியாகலாம். எது எப்படியானாலும், நீ போட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் உன் கையெழுத்து விழ விடமாட்டேன். உன் மூன்று வரிக்கு மேல் என்னைப் பற்றி யார் என்ன எழுதினாலும் நம்பவும் மாட்டேன்.

உன் எண்ணை மறுபடி எண்ணிப் பார்க்கிற ஒரே தங்கை,
கோமதி
மட்டாஞ்சேரி, இறக்கம் ↓