உன் படம் போட்ட பக்கம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், உன் அப்பாவுக்கு அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் நோயாளி வந்துவிட்டார் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். போன வாரம் அப்பா குளியலறையில் தலைசுற்றி விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் இல்லை, நெற்றியில் தையல். ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறியிருக்கிறது. மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது என்று டாக்டர் கேட்க, உன் அப்பா பெருமையாகப் போனை நீட்டுகிறார். நீ பேர் கொடுத்திருக்கிறாயே அந்த உடல்நல வலைத்தளம், அதில் அழுத்தம் சரியாகிவிட்டால் மாத்திரையை விட்டுவிடலாம் என்று ஒரு கட்டுரை. கீழே பல் தெரியச் சிரிக்கும் உன் படம், பக்கத்தில் 'மருத்துவர் சரிபார்த்தது' என்று பச்சை டிக்.

அம்மா தாயே, நீ தோல் டாக்டர். ரத்த அழுத்தத்தைத் தோலைத் தடவியா பார்க்கிறாய்? நானும் உட்கார்ந்து தேடினேன். மூட்டுவலி, பிரசவம், பல் கூச்சம், மூலம், எல்லாவற்றுக்கும் நீதான், எல்லாம் ஒரே தேதியில். அன்றைக்கு நீ வீடு மாற்றிக்கொண்டிருந்தாய், தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை என்று என்னிடம் அலுத்துக்கொண்டவள். சும்மா பேருக்குத்தாம்மா, அவங்களே எழுதி அவங்களே பாத்துப்பாங்க என்று ஒருமுறை சொன்னாய். பள்ளிக்கூடத்தில் உன் விடைத்தாளைப் படிக்காமல் மார்க் போட்டார்கள் என்று வீட்டை இரண்டு பண்ணியவள் நீ. இப்போது அந்த வேலை உனக்கே நன்றாக வருகிறது.

டாக்டர் மறுபடி மாத்திரை எழுதிக் கொடுத்தார். உன் அப்பா வாயில் போட்டுக்கொண்டு, நான் திரும்பியதும் செடித் தொட்டியில் துப்புகிறார். கேட்டால், என் பொண்ணு படிச்சுப் பாத்து சரின்னிருக்கா, இவர் என்ன அவளவிட பெரிய டாக்டரா என்கிறார். அவள் அதைப் படிக்கவே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். எனக்குப் பெற்ற மகள்மேலேயே பொறாமையாம். ஆக, நீதான் சொல்ல வேண்டும். வேலைப் பளு, வலைத்தளத்துக்காரன் தப்பு என்று சுற்றி வளைக்காதே. அப்பா, நான் படிக்காமலே பேர் கொடுத்துட்டேன் என்று சொல். அவர் மனசு உடையும், உடையட்டும். இன்னொரு தடவை விழுந்தால் மண்டை உடையும்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். அந்தப் பக்கங்களில் இருந்து உன் படத்தை எடுக்கச் சொல், ஆனால் முதலில் அப்பாவைக் கூப்பிடு. போன் அவர் தலைமாட்டில்தான் இருக்கிறது, உன் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார். இந்தக் கடிதத்தையாவது கடைசிவரை படித்துவிட்டுப் படித்தேன் என்று சொல்.

உன் அம்மா