எலுமிச்சம்பழச் சோற்றில் யாருடைய கை

என் பிரியமுள்ள பொன்னுத்தாயிக்கு,

போன இடத்தில் சௌக்கியமாக இருக்கிறாயா? இங்கே நம் தெருவுக்குக் கரண்டு வந்துவிட்டது. உன் மகள் வள்ளி ரெட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். நலம் விசாரிப்பு இதோடு போதும், உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

"எம்மகளைப் பாத்துக்க" என்று கடைசிக் காய்ச்சலில் கிடந்தபோது சொன்னாய். அதனால் பக்கத்து வீட்டிலிருந்தே உன் வீட்டுக்காரர்மேல் ஒரு கண் வைத்திருந்தேன். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற மனுஷன், சின்ன வயசு. எத்தனை நாளைக்குத் தனியாக இருப்பார்?

சித்திரை வெயிலில் ஒருநாள் வள்ளி ஒரு செம்பில் பானக்கம் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வாய் குடித்ததும் எனக்குத் திக்கென்றது. எலுமிச்சை, கருப்பட்டி, சுக்கு, கடைசியில் நீ போடுகிற அந்தத் துளி உப்பு. மறுநாள் அவள் தூக்குவாளியைத் திறந்து பார்த்தால் எலுமிச்சம்பழச் சோறு. இஞ்சியையும் பச்சை மிளகாயையும் சாற்றிலேயே ஊறப்போட்டு, சோறு ஆறின பிறகு கிளறியது. அப்படியே உன் பக்குவம்.

"யாருடி செஞ்சது?"

"சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லிருக்காக, பெரியம்மா."

எவளோ வீட்டுக்குள் வந்துவிட்டாள் என்று அப்போதே முடிவு கட்டினேன். ஆனால் அவளுக்கு நீ எப்போது சொல்லிக் கொடுத்தாய்? என்னையே அடுப்பங்கரைப் பக்கம் விட்டதில்லையே. "சாறு பிழியும்போது கண்ணு பட்டா சோறு கசந்துரும்" என்று கதவைச் சாத்திவிட்டு, "அது ஊறட்டும்" என்று வாசலில் என்னோடு உட்கார்ந்து கதை பேசுவாய். நானும் நம்பினேன்.

மல்லாங்கிணற்றில் இருக்கிற உன் அண்ணனுக்கு ஆள் அனுப்பலாமென்று இருந்தேன். அவர் குணம் உனக்குத் தெரியும். வந்தால் வள்ளியைக் கையோடு கூட்டிப்போய்விடுவார், அப்புறம் தகப்பன் முகத்தைக்கூடக் காட்டமாட்டார். அதற்குமுன் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டுமென்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்தேன்.

உன் வீட்டுக்காரர் அடுப்பங்கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பழம் பிழிந்துகொண்டிருந்தார்.

"எங்கய்யா அவ?"

"எவ மதினி?"

"இதச் செய்யிறவ."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கல்யாணமான நாள்லருந்து நாந்தான் செய்யிறேன். கையில ஒட்டுன அலுமினியப் பொடி போகணும்னா எலுமிச்சந்தோலத்தான் தேய்க்கணும். அம்புட்டுச் சாறும் வீணாப் போகுதேன்னு ஆரம்பிச்சது. ஆம்பள சமைக்கிறான்னு தெரிஞ்சா கம்பெனில கேலி பண்ணுவாகன்னு அவதான் கதவச் சாத்தி வச்சா."

முதலில் பிழிவாரா, முதலில் தேய்ப்பாரா என்று கேட்க வாயெடுத்தேன். இத்தனை வருஷம் தின்றுவிட்டு இனிமேல் கேட்டு என்ன ஆகப்போகிறது?

பொன்னுத்தாயி, கோயில் பொங்கலில் தெருவே உன் கையைப் புகழ்ந்ததே, கூச்சமில்லாமல் சிரித்தாயே. அளவு கேட்டபோது "கையளவுதான்" என்றாயே. யார் கையளவு? இன்னும் என்னவெல்லாம் மறைத்தாய்? தீபாவளிக்கு எனக்குக் கொடுப்பாயே, அந்த அதிரசத்தையாவது நீ சுட்டாயா?

அவர் ஒரு தட்டில் சோறு வைத்துக் கொடுத்தார். திட்டிக்கொண்டேதான் சாப்பிட ஆரம்பித்தேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. நீ இல்லாமல் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

உன் அண்ணனுக்கு ஆள் அனுப்பவில்லை. வள்ளி அவள் அப்பாவிடமேதான் இருப்பாள், அதற்கு நான் பொறுப்பு. இந்த வருஷக் கோயில் பொங்கலுக்கு எலுமிச்சம்பழச் சோறு என் பொறுப்பு என்று தெருவில் சொல்லியிருக்கிறேன். அவர் உள்ளே பிழியட்டும். நான் கதவைச் சாத்திவிட்டு வாசலில் நாம் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருப்பேன். யார் வந்து எட்டிப் பார்த்தாலும், கண்ணு பட்டா சோறு கசந்துரும் என்று சொல்லித் திருப்பி அனுப்புவேன்.

இப்படிக்கு,
உன்னிடம் ஏமாந்த அக்கா,
வள்ளியின் பெரியம்மா
செல்லம்மாள்